நம்பப்படாத நோவின் வரலாறு

காயம் கண்ணுக்குத் தெரிந்தால் மருந்திட்டுக் கட்ட விரைகிறோம். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். ஆனால், உடலெங்கும் நோகிறது என்று ஒருவர் கூறி, இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரே படத்திலும் குறையொன்றும் தென்படாவிட்டால் நம் இரக்கம் சற்றே பின்வாங்குகிறது. 'எல்லாம் மனப்பிரமை' என்கிறோம்; 'வேலைக்குச் சோம்பல்' என்று புறம் பேசவும் தயங்குவதில்லை. இவ்வாறு நெடுங்காலம் நம்பப்படாமல் கிடந்த நோய்களுள் ஒன்று ஃபைப்ரோமயால்ஜியா. உடலின் பல பகுதிகளில் மாதக்கணக்காக நீடிக்கும் வலி, எத்தனை மணி நேரம் படுத்தாலும் தீராத அயர்வு, கவனக் குறைவு ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண்களைவிடப் பெண்களிடமே இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. இந்நோயை மருத்துவ உலகம் புரிந்துகொள்ள முயன்ற வரலாறு, மருத்துவருக்கு மட்டுமன்றி நம் அனைவருக்குமே பயன்தர வல்லது.

பெயரில் நேர்ந்த பிழை

1904ஆம் ஆண்டு லண்டன் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், இடுப்புவலி பற்றிய உரையொன்றில் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்னும் சொல்லைக் கையாண்டார். நார்த்திசுக்களின் அழற்சி என்பது அதன் பொருள். அதே ஆண்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் ரால்ஃப் ஸ்டாக்மன், இத்தகைய நோயாளரின் உடலில் அழற்சி முடிச்சுகளைக் கண்டதாக எழுதினார். பின்வந்தோர் நுண்ணோக்கியில் எவ்வளவோ தேடியும் அக்கூற்று உறுதிப்படவில்லை.

தேடிய இடத்தில் அழற்சி இல்லை; ஆயினும் வலி இருந்தது. இந்நிலையில் மருத்துவர் பலர் தம் கருத்தை ஐயுறுவதற்குப் பதிலாக நோயாளியின் சொல்லையே ஐயுற்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தசையும் மூட்டும் நோவதாக முறையிட்ட படைவீரர் பலருடைய துன்பத்திற்கு 'உளவழி வாதம்' என்று பெயர் சூட்டப்பட்டது.

1948ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச்சும் அவருடைய குழுவினரும் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் மருந்தைச் செலுத்தி வியத்தகு பலன் கண்டனர். அதற்காக 1950இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால், அழற்சியைத் தணிப்பதில் பேராற்றல் வாய்ந்த அம்மருந்து வகை, ஃபைப்ரோசைட்டிஸ் நோயாளருக்குப் பயன்படவில்லை. அழற்சியே நோயின் வேர் அன்று என்பது இதனாலும் புலனாயிற்று. 1976இல், பிலிப் ஹென்ச்சின் மகனும் வாதநோய் மருத்துவருமான கேலர் ஹென்ச், அழற்சியைக் குறிக்கும் விகுதியை நீக்கி, 'ஃபைப்ரோமயால்ஜியா' என்னும் பெயரை வழங்கினார். நார், தசை ஆகியவற்றின் வலி என்பதே இதன் பொருள். காரணம் இன்னதென்று சாதிக்காமல், நோயாளி கூறுவதை மட்டுமே கூறும் பணிவு இப்பெயருக்கு உண்டு.

உறக்கம் காட்டிய வழி

இதற்கு ஓராண்டு முன்னரே, கனடா நாட்டின் டொரான்டோ நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. மனநல மருத்துவர் ஹார்வி மோல்டோஃப்ஸ்கியும் வாதநோய் மருத்துவர் ஹ்யூ ஸ்மைத்தும் உடன் ஆய்வாளரும், இந்நோயாளர் உறங்கும்பொழுது அவர்களுடைய மூளை அலைகளைப் பதிவு செய்தனர். ஆழ்ந்த உறக்கத்திற்குரிய மெதுவான அலைகளுக்கு நடுவே, விழிப்பு நிலைக்குரிய ஆல்ஃபா அலைகள் ஊடுருவியிருந்தன. கண் மூடியிருந்தது, மூளையோ முழுமையாக ஓய்ந்திருக்கவில்லை.

அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. நலமுள்ள 6 மாணவர்களை உறங்கச் செய்து, ஆழ்ந்த உறக்கம் வரும்போதெல்லாம் ஒலியெழுப்பி மூன்று இரவுகள் அதனைக் குலைத்தனர். அவர்களுக்கும் உடல்வலியும் அயர்வும் தோன்றின. இடையூறின்றி உறங்கவிட்டபின் அவை மறைந்தன. வலியால் உறக்கம் கெடுகிறது என்பதை எவரும் அறிவர். உறக்கம் கெடுவதாலும் வலி பிறக்கக்கூடும் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது. ஆல்ஃபா அலை ஊடுருவல் இந்நோயாளர் எல்லாரிடமும் காணப்படுவதில்லை என்றும், பிறரிடமும் காணப்படுவதுண்டு என்றும் பின்வந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின. எனினும், வலியும் உறக்கமின்மையும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் என்ற உண்மை நிலைபெற்றுவிட்டது.

அளவுகோலைத் தேடி

நோய் உண்டென்று ஏற்க, மருத்துவத்திற்கு அளவுகோல் வேண்டும். 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி அதனை வகுத்தளித்தது. மூன்று மாதங்களுக்கு மேல் பரந்த வலி இருத்தல் வேண்டும். உடலில் குறிக்கப்பட்ட 18 புள்ளிகளை ஏறத்தாழ 4 கிலோ அழுத்தத்தில் விரலால் அமுக்கினால் 11 புள்ளிகளிலேனும் வலித்தல் வேண்டும் என்பது விதி. 2010இல் இக்கணக்கிற்கு மாற்றாக வேறொரு முறை வந்தது. வலிக்கும் இடங்களோடு அயர்வு, நினைவுத் தடுமாற்றம், உறங்கி எழுந்தும் புத்துணர்வு பெறாமை ஆகியவையும் மதிப்பிடப்பட்டன. மருத்துவரின் விரல் கண்டறிந்ததற்கு இருந்த முதன்மை, நோயாளியின் வாய்மொழிக்குக் கிடைத்தது.

இடையே 2002இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லி, டேனியல் கிளாவ் ஆகியோர் 16 நோயாளரையும் நலமுள்ள 16 பேரையும் ஒப்பிட்டனர். கட்டைவிரல் நகத்தில் அழுத்தம் கொடுத்துக்கொண்டே மூளையின் செயற்பாட்டைப் படமெடுத்தனர். நோயாளரின் மூளையில் வலியை உணரும் பகுதிகள் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே கிளர்ந்தெழுந்தன. அதே அளவு வலியைப் பிறர் உணர ஏறத்தாழ இருமடங்கு அழுத்தம் தேவைப்பட்டது. மெல்லிய ஒலியையும் பேரொலியாக்கும் ஒலிபெருக்கிபோல, நரம்பு மண்டலம் வலியைப் பெருக்குகிறது என்பது இன்றைய விளக்கம். 2021இல் பிரித்தானிய ஆய்வாளர், இந்நோயாளரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதங்களைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றிற்கும் வலியுணர்வு மிகுந்தது. 'மனப்பிரமை' என்று தள்ளிவிட இனியும் இடமுண்டோ?

நோவோடு வாழும் நெறி

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. மனச்சோர்வு மருந்தாகிய அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் இரவில் கொடுத்தால் சிலருக்கு உறக்கமும் வலியும் சீரடைகின்றன என்பதை 1986இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. 2007இல் பிரகாபலின் என்னும் மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மருத்துவரின் அறிவுரையின்றி இவற்றை உட்கொள்ளலாகாது. தைராய்டு குறைபாடு முதலிய பிற நோய்களும் இத்தகைய வலியைத் தரக்கூடுமாதலால், முதற்கண் முறையான பரிசோதனை தேவை.

2017இல் வெளியான ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பின் பரிந்துரைகள், சிகிச்சை முறைகளுள் உடற்பயிற்சி ஒன்றையே உறுதியாக வலியுறுத்தின. நோகும் உடலை அசைக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. நோவு குறைந்த நாளில் எல்லா வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்து, மறுநாள் படுக்கையில் விழுவதைத் தவிர்க்க வேண்டும். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல், நெடிய பகலுறக்கத்தை விடுதல், மாலைக்குப் பின் காப்பியும் தேநீரும் அருந்தாமை, படுக்கையில் கைப்பேசியை ஒதுக்கி வைத்தல் ஆகியவை உறக்கத்தை மெல்ல மீட்டுத் தரும்.

இவையனைத்தும் நோயாளி செய்ய வேண்டியவை. வீட்டார் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. இந்நோயாளர் சுமப்பது இரட்டைச் சிலுவை: வலி ஒன்று, பிறர் கொள்ளும் ஐயம் மற்றொன்று. முதலாவதை இறக்கி வைக்க மருத்துவம் நூறாண்டுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறது. இரண்டாவதை இறக்கி வைக்க ஆய்வுக்கூடமோ பெரும் பொருட்செலவோ தேவையில்லை. நம் இல்லத்தில் தாயோ, மனைவியோ, மருமகளோ விடியற்காலையில் எழும்போதே களைத்து, 'உடம்பெல்லாம் நோகிறது' என்று கூறினால், அதனை உண்மையென்று ஏற்று, அன்றைய சுமையில் ஒரு பங்கை நாம் எடுத்துக்கொள்வோம்.