பைக்கோடு வரும் மேனுவலில் என்ன இருக்கு? ரிப்பேர் புத்தகம் எங்கே கிடைக்கும்? முழு விவரம்

புது பைக் டெலிவரி எடுக்கும்போது சாவி, டூல் கிட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பாங்க. பெரும்பாலான வீடுகளில் அது நேராக பீரோவுக்குப் போய்விடும். எந்த ஆயில் ஊற்றணும், டயரில் எவ்வளவு காற்று, செயின் எவ்வளவு தளர்வாக இருக்கணும் என எல்லாமே அதில் இருக்கு. இது தெரியாமல் சர்வீஸுக்குப் போனால், பில்லில் எது தேவையான வேலை, எது தேவையில்லாத வேலை என்று கேட்கக்கூட முடியாது.

மேனுவலில் எத்தனை வகை?

மூன்று வகை இருக்கு. முதலாவது, ஓனர்ஸ் மேனுவல். வண்டியோடு இலவசமாக வருவது இதுதான். இரண்டாவது, சர்வீஸ் மேனுவல். எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, வயரிங் வரைபடம், கோளாறு கண்டுபிடிக்கும் முறை எல்லாம் இதில் இருக்கும். இது மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டது. மூன்றாவது, பார்ட்ஸ் கேட்டலாக். ஒவ்வொரு உதிரிபாகத்தின் படமும் பார்ட் நம்பரும் இதில் இருக்கும். நம்பர் தெரிந்தால், கடையில் வேறு மாடலின் பாகத்தை வாங்கி ஏமாற வேண்டியதில்லை.

ஓனர்ஸ் மேனுவலால் என்ன லாபம்?

* எஞ்சின் ஆயில்: பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச், எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடும். அதனால் 'ஜாஸோ எம்ஏ' தர ஆயில் தேவை. காருக்கான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். பல ஸ்கூட்டர்களுக்கு 'எம்பி' தரம். உங்கள் வண்டிக்கு எந்த கிரேடு, எத்தனை மில்லி என்பது மேனுவலில் இருக்கும்.

* டயர் காற்று: டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அது அல்ல. தனியாகப் போகும்போது எவ்வளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று மேனுவல் பிரித்துச் சொல்லும்.

* செயின்: அதிகம் தளர்ந்தால் கழன்றுவிடும். அதிகம் இறுக்கினால் செயின், ஸ்ப்ராக்கெட், பேரிங் எல்லாம் சீக்கிரம் தேயும். சரியான தளர்வு மி.மீ. கணக்கில் கொடுக்கப்பட்டிருக்கும்.

* ஃபியூஸ்: ஹாரன், இண்டிகேட்டர் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் முதலில் ஃபியூஸைப் பாருங்க. அது எங்கே இருக்கு, எத்தனை ஆம்பியர் என்று மேனுவலில் இருக்கும். அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போடணும். வயரைச் சுற்றி ஒப்பேற்றினால் வயரிங்கே எரியும் ஆபத்து உண்டு.

சர்வீஸ் மேனுவல் யாருக்குத் தேவை?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்ததும், கார்புரேட்டர் பைக்குகளின் இடத்தை ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குகள் பிடித்தன. சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் வண்டிக்குள் வந்துவிட்டது. காதால் கேட்டே கோளாறு சொன்ன தெருமுனை மெக்கானிக்குக்கு இப்போது வயரிங் வரைபடமும் ஃபால்ட் கோடு விவரமும் தேவை. அது கிடைக்காவிட்டால் வண்டி ஷோரூமுக்குத்தான் போகணும். வாடிக்கையாளருக்கு வேறு வழி இருக்காது.

வீட்டிலேயே வேலை பார்ப்பவர்களுக்கும் இது உதவும். உதாரணமாக, ஆயில் டிரெயின் போல்ட்டை எவ்வளவு பலத்தில் இறுக்கணும் என்று நியூட்டன் மீட்டர் கணக்கில் சொல்லியிருப்பாங்க. கைக்கு வந்தபடி இறுக்கினால் அலுமினிய எஞ்சினின் மரை போய்விடும். ஆயில் மாற்றுவதில் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவு வரும்.

எங்கே கிடைக்கும்?

புத்தகம் தொலைந்திருந்தால் கவலை வேண்டாம். முன்னணி நிறுவனங்கள் பலவும் ஓனர்ஸ் மேனுவலை பிடிஎஃப் வடிவில் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. சர்வீஸ் மேனுவல்தான் சிக்கல். இது பெரும்பாலும் டீலர்களின் ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே இருக்கும். வெளியில் சுற்றும் பிடிஎஃப்களை நம்பும் முன் மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் சரிபாருங்க. ஸ்ப்ளெண்டர் பிளஸ் என்று ஒரே பெயர்தான். ஆனால் பிஎஸ்-4 வண்டியில் கார்புரேட்டர், பிஎஸ்-6 வண்டியில் இன்ஜெக்‌ஷன். பழைய மேனுவல் புது வண்டிக்குப் பொருந்தாது.

அரசு என்ன சொல்கிறது?

கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் ரிப்பேர் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததாக, 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த வழக்கு கார்களைப் பற்றியது, பைக்குகளைப் பற்றியது அல்ல.

2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. வாகனம், செல்போன், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி ஆகிய 4 துறை நிறுவனங்களின் பராமரிப்பு, உதிரிபாகம், வாரண்டி விவரங்களை ஒரே இடத்தில் தருவதே நோக்கம். ஆனால் இது ஒரு இணையதளம்தான், சட்டம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. அங்கே இருசக்கர வாகனங்களின் ரிப்பேர் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தரணும் என்று விதியே இருக்கு.

எந்த வேலையை நாமே செய்யலாம்?

காற்று, செயின் சுத்தம், ஃபியூஸ், ஏர் ஃபில்டர் பார்ப்பது போன்றவற்றை மேனுவலைப் பார்த்துச் செய்யலாம். பிரேக், ஏபிஎஸ், எஞ்சின் உள்வேலை ஆகியவற்றைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே பாதுகாப்பு. வாரண்டி இருக்கும் வண்டி என்றால், எந்த சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட சென்டரில்தான் செய்யணும் என்ற நிபந்தனையை முதலில் படிச்சிடுங்க.

அடுத்த சர்வீஸுக்குப் போகும் முன், மேனுவலின் பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கோங்க. அட்டவணையில் இல்லாத வேலை பில்லில் இருந்தால் காரணம் கேளுங்க. பதில் திருப்தி இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.