வெட்டியும் நிலைத்த கண்டற்காடு

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885 ஆம் ஆண்டில் தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைக்கும் இடையே திறக்கப்பட்டது என்பதை மாணவர் அறிவர். அப்பாதை இன்று இல்லை. துறையின் பெயரும் கோல செபெத்தாங் என மாறிவிட்டது. ஆயினும், அக்காலத் தேவைகளால் தோன்றிய ஒரு பெருந்தொழில் அங்கே இன்றளவும் நடைபெறுகிறது. அதனைக் காணவே நாங்கள் மாத்தாங் கண்டற்காட்டிற்குச் சென்றோம்.

ஏற்றநீரில் படகு உள்ளே சென்றது. ஓரிடத்தில் ஆற்றோர மரவரிசைக்கு அப்பால் காடே இல்லை. சேறும் அடிக்கட்டைகளும் மட்டுமே தெரிந்தன. தொழிலாளர் மரங்களை ஏறத்தாழ 1.6 மீட்டர் நீளத் துண்டுகளாக அறுத்து, பட்டையைத் தட்டி உரித்து, பலகைப் பாதைவழியே தள்ளுவண்டியில் படகிற்குக் கொண்டுவந்தனர். அத்துண்டுகள் சூளைகளில் ஏறக்குறைய ஒரு மாதம் வெந்து கரியாகின்றன. ‘இது காட்டின் அழிவன்றோ?’ என்னும் ஐயம் எங்களுள் எழுந்தது.

அதற்கு விடை வரலாற்றில் உள்ளது. ஈயச் சுரங்கங்களும் நீராவி எந்திரங்களும் விறகை விழுங்கிய காலத்தில், வரைமுறையின்றி வெட்டினால் காடு எஞ்சாது என்பது உணரப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள இக்காடு அரசின் ஒதுக்குக்காடாகி, திட்டமிட்ட மேலாண்மைக்குள் வந்தது. பின்னர் 30 ஆண்டுச் சுழற்சி நிலைபெற்றது. வெட்டிய நிலத்தில் இயல்பாக முளைக்காத இடங்களில் நாற்று நடப்படும். 15 ஆம் ஆண்டில் 1.2 மீட்டர் கோலையும் 20 ஆம் ஆண்டில் 1.8 மீட்டர் கோலையும் அளவாகக் கொண்டு, தேர்ந்த மரத்தைச் சூழ்ந்த கழிகள் களையப்படும். 30 ஆம் ஆண்டில்தான் முழு வெட்டு. நாங்கள் கண்ட வெறுநிலம் அச்சுழற்சியின் ஒரு கட்டமே.

இதனைக் குறையற்ற ஏற்பாடு என்று போற்றுதல் முறையன்று. பலவகை மரங்கள் கலந்து வளர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் ஒரே இன மரமே ஓங்கி நிற்கிறது. பிற்காலச் சுழற்சிகளில் விளைச்சல் குறைந்ததையும் ஆய்வாளர் சுட்டியுள்ளனர். திட்டம் காட்டைக் காத்தது. எனினும் அதன் இயல்பை மாற்றியும் விட்டது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

கண்டல் என்னும் சொல் சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலத்திலேயே வழங்கியது. மலாய் மொழியில் பாக்காவ் எனப்படும் அம்மரத்தை நம் மாணவர் தம் மொழியிலும் அறிதல் நன்று. இன்று அங்கு நடப்படும் நாற்று, பதினைந்து வயது மாணவர் ஒருவர் நாற்பத்தைந்து வயதை எட்டும்போதுதான் வெட்டுக்கு வரும். நட்டவர் ஒருவர், இடையில் காப்பவர் வேறொருவர், பயன் கொள்பவர் மற்றொருவர். பொதுநிலம் என்பது அம்மூவருக்கும் உரியது. அவர்களுள் எவர் தம் கடமை தவறினும் சுழற்சி அறுந்துவிடும் என்பதே நாம் அங்கிருந்து கொண்டுவந்த பாடம்.