பெயர் சொல்லி நடுதல்

வீரன் விழுந்தால் கல் நடுவது தமிழகத்தின் பழைய வழக்கம். கல்லைத் தேடிக் காண்பது தொடங்கி அதை வாழ்த்துவது வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் அதை வகுத்திருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் படித்தால், இறந்தவன் பெயர் தனியாக வருவதில்லை என்பது விளங்கும். யாருடைய ஆட்சி, எத்தனையாம் ஆண்டு, அவன் யாருடைய சேவகன் என்பதெல்லாம் கூடவே வரும். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்வரைக் கடித்த கோவிவன் என்ற அவனுடைய நாயையும் பெயர் சொல்லிப் பதித்திருக்கிறது. போரில் இறந்தவரை நினைக்கும்போது மண்ணையும் அதற்குரியவரையும் கூடச் சொல்வது, நினைவுக்கு வெளியே இருந்து ஒட்டவைத்த சடங்கு என்று தமிழ் படித்தவர் சொல்ல முடியாது.

இதை இப்போது சொல்லக் காரணம் ஆஸ்திரேலியாவில் நடக்கும் விவாதம். அந்நாட்டின் போர்வீரர் நினைவு நாளான 2025 ஏப்ரல் 25 விடியலில், மெல்பர்ன் போர் நினைவகத்தில் புனுராங் பழங்குடி மூத்தவரான மார்க் பிரவுன் தம் மண்ணுக்கு எல்லாரையும் வரவேற்றுப் பேசியபோது கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டார்கள். இந்த நாள் போர்வீரர்களுக்கு உரியது, இதில் பழங்குடி வரவேற்பு எதற்கு என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. ஆனால் அந்த வீரர்களில் பழங்குடியினரும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினர் அல்லாதாரை ஒதுக்கிவைத்த ராணுவ விதிகளையும் மீறி, முதல் உலகப் போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழங்குடியினர் படையில் சேர்ந்தார்கள். திரும்பிவந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு அரசு நிலம் பிரித்துக் கொடுத்தது. பழங்குடிச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கவில்லை. முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கத்தில் இருப்பவருக்கு இது அயல் கதையாகத் தோன்றாது. ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய இம்மானுவேல் சேகரன் தீண்டாமையை எதிர்த்து நின்றதும், 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டதும் இங்கேதான். சீருடையில் கிடைத்த சமத்துவம் ஊருக்குள் கிடைக்கவில்லை.

நம் பக்கத்தில் இந்த விவாதம் வெடித்தது 1997-இல். கட்டபொம்மனின் படையில் நின்று 1799-இல் கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கோடு தன்னையும் எரித்துக்கொண்டவர் என்று மக்கள் மரபு போற்றும் கவர்னகிரி சுந்தரலிங்கத்தின் பெயரை, விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வைத்தது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று எழுந்த எதிர்ப்பு, தென் மாவட்டங்களில் கலவரமாக முற்றியது. அரசு கண்ட தீர்வு, எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிடுவது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை ஆனது, காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது. தெருவில் அமைதி வேண்டியிருந்தது. உயிர்கள் போய்க்கொண்டிருந்தபோது எடுத்த முடிவை எளிதாகப் பழிக்கக் கூடாது. ஆனாலும் நடந்தது என்ன? ஊர்ப்பெயர்கள் இருந்த இடத்தில் இருந்தன. தேவருக்கும் காமராசருக்கும் அந்தப் பெயர்ப்பலகைகள் இல்லாமலே நாடறிந்த புகழ் இருந்தது. புதிதாக வந்து, வந்த சுவடே தெரியாமல் போனது சுந்தரலிங்கத்தின் பெயர்தான். எல்லார் பெயரையும் நீக்கினால் எல்லாருக்கும் இழப்பு ஒன்றாகாது. “யார் பெயரும் வேண்டாம், வீரர்கள் என்று பொதுவாகச் சொன்னால் போதும்” என்று மெல்பர்னில் கேட்கும் வாதத்துக்கு என் மறுப்பு இதுதான். ஏற்கெனவே அறியப்பட்டவனை மட்டுமே அந்தப் பொதுச்சொல் நினைவுக்குக் கொண்டுவரும்.

இதற்கு எதிராக நம் பக்கத்திலிருந்தே ஒரு கனமான சான்று காட்டலாம். முதல் மரியாதை என்ற பெயரில் இங்கே எத்தனை அடிதடி, எத்தனை வழக்கு! தேவகோட்டைக்கு அருகே கண்டதேவியில் நாட்டார்களின் வடம் பிடிக்கும் உரிமையும், அதில் இடம் கேட்ட தலித் மக்களின் நியாயமும் மோதி, தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. நீதிமன்றம் தலையிட்ட பிறகே 2024-இல் ஓடியது. மண்ணுக்குரியவன் என்ற உரிமை ஆதிக்கமாக மாறக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கண்டதேவியில் தகராறு வடத்தை யார் தொடக் கூடாது என்பதில். மெல்பர்னில் அந்த மூத்தவர் யாரையும் விலக்கவில்லை. நிலத்தை இழந்தவரின் வழிவந்தவர், வந்தவர்களை வாருங்கள் என்றார். இன்னொரு ஐயமும் எழும். திருவாரூர்த் திருவிழாவில் ஒரு பறையர் யானைமேல் ஏறி வெண்சாமரம் வீசும் உரிமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அதிகாரிகள் குறித்துவைத்திருக்கிறார்கள். ஆண்டில் ஒருநாள் யானை, மற்ற நாளெல்லாம் சேரி. ஒருநாள் மரியாதை வெறும் சடங்காகிவிடும் என்று ஐயப்படுவோர் சொல்வதில் உண்மை இருப்பதற்கு இதுவே சாட்சி. அதற்காக யானையைப் பறிப்பதா, மற்ற நாட்களைச் சரிசெய்வதா?

பெயர் சொல்வதை நம் பக்கத்திலேயே தொடங்கலாம். ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கலுக்கு அதிகத் தொலைவில்லாத சித்திரங்குடியைச் சேர்ந்த மயிலப்பன், 1799-இல் முதுகுளத்தூர்ச் சீமையில் கும்பினி ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி நடத்தி, 1802-இல் தூக்கிலிடப்பட்டார். அதே 1799-இல் மடிந்தவராகப் போற்றப்படுபவர் சுந்தரலிங்கம். இருவரும் வேறு வேறு சாதிகளில் பிறந்தவர்கள், எதிர்த்த பகை ஒன்று. சுதந்திர தினத்தில் முதுகுளத்தூரிலும் சிக்கலிலும் கொடியேற்றும் முன் இருவர் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்லலாம். கூடவே, படையிலிருந்து திரும்பியும் ஊரில் சமமாக நடத்தப்படாத இம்மானுவேல் சேகரனின் பெயரையும்.