தோழியர் காத்த கவிதைகள்

அகப்பாடல்களில் வரும் தோழி தலைவியின் பொருட்டே பேசுபவள். தன் வாழ்வு குறித்து அவள் உரைப்பது அரிது. யாழ்ப்பாணத்திலே கவிஞர் செல்வி தாம் நடத்திய பெண்கள் இதழுக்குத் ‘தோழி’ எனப் பெயரிட்டபோது அப்பழஞ்சொல் புதுப்பொருள் பெற்றது. பெண் பெண்ணுக்குத் துணையாய் நின்று தன் குரலிலேயே பேசுதல் என்பதே அப்பொருள்.

இதற்குக் களம் அமைத்த நூல் ‘சொல்லாத சேதிகள்’. யாழ்ப்பாணப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட இத்தொகுதியில் சிவரமணி உள்ளிட்ட பெண் கவிஞர் பதின்மரின் 24 கவிதைகள் இடம்பெற்றன. சீதனம், போர், தாய்மை என ஒவ்வொருவரும் தனித்தே சுமந்த துயரங்கள் ஒரே நூலில் அடுத்தடுத்து அமைந்தமையால் அவை ஒரு சமூகத்தின் துயரங்களாகத் தோன்றின. தனித்து ஒலித்திருப்பின் எளிதிற் புறக்கணிக்கப்பட்டிருக்கக்கூடிய குரல்கள், ஒருங்கே ஒலித்து ஓர் இலக்கியப் போக்காயின.

அத்தோழமையின் பெறுமதி 1991இலேயே முழுமையாகப் புலனாயிற்று. அவ்வாண்டு மே 19ஆம் நாள், இருபத்திரண்டு வயதான சிவரமணி தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஆகஸ்ட் 30ஆம் நாள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியாயிருந்த செல்வியை விடுதலைப் புலிகள் கொண்டுசென்றனர், அவர் மீண்டிலர்.

எனினும் சிவரமணியின் கவிதைகள் யாவும் அழியவில்லை. இதழ்களிலும் நண்பர் கைகளிலும் எஞ்சியவற்றைத் திரட்டிச் சித்திரலேகா மௌனகுரு 1993இல் ‘சிவரமணி கவிதைகள்’ என்னும் நூலாக்கினார். எழுதியவரே அழித்தவற்றின் எச்சம் தோழியரின் கைவழியே தலைமுறை கடந்தது. இலக்கிய வரலாறு எழுதியோரின் பெயர்களைக் குறிக்கும். காத்தோரின் பெயர்களையும் அது குறித்தல் வேண்டும்.