கேர்னலில் பட்ட கறை

2003இல் என்னிடம் இருந்தது ஒரு பழைய கணனி. அதில் லினக்ஸ் 2.4. வேலை முடிந்து வர இரவு 12 மணி தாண்டிவிடும். பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட படிப்பின் மிச்சத்தை அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டியில் தேடிக்கொண்டிருந்தேன். இணையத்துக்குப் போக மொடத்தை முடுக்கினால் சில இரவுகளில் திரையில் 'ஊப்ஸ்' என்று தொடங்கி இலக்கங்களாகக் கொட்டும். பிறகு எல்லாம் உறைந்துவிடும். வன்தட்டில் ஒன்றும் பதிவாகியிராது. றெஸ்ரோறன்ரில் ஓர்டர் எழுதும் துண்டுகளில் அந்த இலக்கங்களைப் பேனாவால் எழுதி வைப்பேன்.

அந்த இலக்கங்கள் நினைவக முகவரிகள். 'கேசிம்ஊப்ஸ்' என்ற நிரலைக் கொண்டு அவற்றைப் பெயர்களாக மாற்றவேண்டும். கேர்னலோடு சேர்த்துக் கட்டிய பகுதிக்கு இது சரிவரும். மொடியூல் அப்படியில்லை, ஓடும்போது ஏற்றுவது. இன்றைக்கு ஏறிய இடத்தில் நாளைக்கும் ஏறும் என்று இல்லை. கணனியைத் திரும்ப இயக்கினால் என் துண்டுகள் வெறும் கடதாசிதான். 2003 டிசம்பரில் வந்த 2.6இல்தான் பெயர்களைக் கேர்னலே எழுதும் வசதி இருந்தது.

பெயர் தெரிந்தாலும் குற்றவாளி தெரியாது, அதுதான் பெரிய தலையிடி. மொடியூலுக்கும் கேர்னலுக்கும் நடுவில் சுவர் இல்லை, இரண்டுக்கும் ஒரே நினைவகம். ஒரு மொடியூல் பிழையான இடத்தில் எழுதிவிட்டுப் போக, விழுவது வேறொன்று. மூலநிரல் மூடிய மொடியூல் என்றால் யாரும் உள்ளே பார்க்கவும் முடியாது. அதனால் 2001இல் ஒரு ஏற்பாடு வந்தது. மொடியூல் தன் உரிமத்தைச் சொல்லவேண்டும், மூடியதென்றால் ஊப்ஸில் 'டெயின்டட்: பி' என்று விழும். என் துண்டிலும் அது இருந்தது. மொடியூலைக் கழற்றிப் பார்த்தேன், கறை போகவில்லை. அப்போது எரிச்சல்தான் வந்தது. கழற்றினாலும் அது முன்னரே கெடுத்தது உள்ளே கிடக்கலாம் என்பது பிறகுதான் விளங்கியது.

2004 ஏப்ரலில் ஒரு கூத்து வெளிவந்தது. லினக்சன்ட் என்ற கனடாக் கொம்பனியின் மொடம் மொடியூல்களில், உரிமம் எழுதும் இடத்தில் 'ஜிபிஎல்' என்று போட்டு, அடுத்து ஒரு சுழிய பைட், அதன் பின்னே மிச்ச விளக்கம். சி மொழியில் சுழியம் வந்தால் எழுத்துத்தொடர் முடிந்தது. கேர்னல் 'ஜிபிஎல்' மட்டும் வாசித்து, கறை போடாமல் விட்டது. பல மொடியூல்கள் ஏறும்போது எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து பாவிப்பவர்களைக் குழப்பியது என்பது அவர்கள் சொன்ன காரணம். இருக்கலாம். ஆனால் பிழை தேடுகிறவன் அந்த ஒரு சொல்லை நம்பித்தானே இரவுகளைச் செலவழிக்கிறான்?

நான் ஒரு வார ரிப்ஸ் காசில் வெளியே பூட்டும் மொடம் ஒன்று வாங்கினேன். பிறகு அந்தப் பெட்டி விழவில்லை.