சீனியாரிட்டிப் பட்டியலில் நிர்வாகிக்கு இடம் உண்டா? நாகப்பட்டினம் பட்டறை முதல் விமானிகள் சங்கம் வரை

2023 ஏப்ரலில் ஏர் இந்தியா தன் விமானிகளிடம் புதிய பணி ஒப்பந்தத்தை நீட்டியது. கேப்டனாக நான்கு ஆண்டுகளை முடித்தவர் ‘சீனியர் கமாண்டர்’ ஆவார் என்பது அதிலிருந்த ஓர் ஏற்பாடு. அப்படி உயர்த்தப்படுபவர் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவராகிவிடுவார் என்றும், பதவி உயர்வு என்ற பெயரில் சங்கத்திலிருந்து ஆட்களை உருவும் வேலை இது என்றும் இரண்டு விமானிகள் சங்கங்களும் எதிர்த்தன. சக விமானிகளை மேய்க்கும் பொறுப்பை ஏற்றவர் அவர்களுடைய சங்கத்திலும் சீனியாரிட்டிப் பட்டியலிலும் நீடிக்கலாமா என்ற கேள்வி இதனால் மறுபடி எழுந்தது. இதை விமானத்துறைக்கே உரிய சிக்கலாகக் கருதுவது வழக்கம். ஆனால் இதன் வேர் இருப்புப்பாதையில் இருக்கிறது. தமிழகத்தில் அதைத் தேடுபவர் காவிரிப் படுகையின் கடைக்கோடியான நாகப்பட்டினத்துக்குத்தான் போக வேண்டும்.

நாகையிலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் ரயில் ஓடியது; அடுத்த ஆண்டு பாதை திருச்சியை எட்டியது. பின்னர் தென்னிந்திய ரயில்வே கம்பெனியாக வளர்ந்த அமைப்பின் பெரிய பட்டறை நாகையில் இயங்கியது. 1920களின் பிற்பகுதியில் கம்பெனி தன் பட்டறைகளைத் திருச்சியை ஒட்டிய பொன்மலையில் ஒன்றுசேர்க்க முடிவெடுத்தது. அதோடு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறைக்கவும் திட்டமிட்டது. யார் இருப்பது, யார் போவது என்பதைத் தீர்மானிக்கத் தொழில்திறன் தேர்வு வைக்கப்படும் என்றது. 1928 ஜூன் இறுதியில் பட்டறைகளில் வேலை நின்றது, கம்பெனி கதவடைத்தது, ஜூலையில் போராட்டம் பாதை முழுவதும் பரவியது. மாத முடிவுக்குள் அது ஒடுங்கிவிட்டது. போராட்டத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சதி வழக்கில் தண்டனை பெற்றார்கள்.

இந்தப் போராட்டத்தை ஆட்குறைப்பு எதிர்ப்பாக மட்டும் எழுதிவைத்திருக்கிறோம். தேர்வை ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார்கள் என்பதை அதிகம் பேசியதில்லை. திறமையை அளக்கக்கூடாது என்பதல்ல அவர்கள் வாதம் என்பது என் வாசிப்பு. அளவுகோல் ஃபோர்மனின் கையில் இருந்தது. அவருக்கு வேண்டியவர் தேறுவார், சங்கத்துக்குச் சந்தா கட்டியவர் தேறமாட்டார் என்ற அச்சம் நியாயமானது. அந்த அளவுகோலுக்கு மாற்று சீனியாரிட்டி. பணியில் சேர்ந்த தேதியை யாராலும் திருத்த முடியாது என்பதுதான் சீனியாரிட்டியின் ஒரே பெருமை. அதற்கு வேறு அறிவு கிடையாது.

அன்று தோற்ற கோரிக்கை கால் நூற்றாண்டில் சட்டமானது. 1953இல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 25ஜி பிரிவு, ஆட்குறைப்பில் கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும் என்றது. 1957ஆம் ஆண்டின் மத்திய விதிகள், ஆட்குறைப்புக்கு ஏழு நாள் முன்பாவது சீனியாரிட்டிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னன. ஆனால் இந்தப் பாதுகாப்பு ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவருக்கே. 1956 திருத்தம் மேற்பார்வையாளரில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் வாங்குபவரை வெளியே நிறுத்தியது. அந்த வரம்பு பிறகு 1,600, 10,000 என்று ஏறியது. முதன்மையாக நிர்வாக வேலை செய்பவரோ எந்தச் சம்பளத்திலும் வெளியேதான். பதவியின் பெயரைப் பார்க்காமல், ஒருவர் பெரும்பாலும் செய்யும் வேலையைப் பார்த்தே நீதிமன்றங்கள் இதை முடிவு செய்கின்றன. ஏர் இந்தியா விவகாரத்தில் பெயரை மாற்றினால் மட்டும் போதுமா என்ற சந்தேகம் எழுவதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் கதை வேறு. 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் ஃபோர்மன்களின் சங்க உரிமைப் பாதுகாப்பைப் பறித்தது. ஆனால் விமானிகள் அச்சட்டத்தின் கீழ் வருவதில்லை. 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமான நிறுவனங்களுக்கும் நீட்டப்பட்டது. அது கீழ்நிலை அதிகாரிகளையும் ஊழியராகவே எண்ணுகிறது. அங்கே தலைமை விமானி பொறுப்பில் இருப்பவர் பலர் சீனியாரிட்டி எண்ணை விடாமல் வைத்திருப்பதற்கு இந்த ரயில்வே மரபும் ஒரு காரணம்.

நம் ரயில்வேயில் இதே சிக்கல் அன்றாடம் நடக்கிறது. நீடாமங்கலத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ அரிசி ஏற்றிய சரக்கு ரயிலை இழுத்துச் செல்லும் லோகோ பைலட்டுக்கு சீனியாரிட்டிதான் வாழ்க்கை. சரக்கு, பாசஞ்சர், மெயில் என்று படி ஏறுவதும் நல்ல லிங்க் (பணிச் சுற்று) கிடைப்பதும் அதை ஒட்டியே. அவரோடு எஞ்சினில் ஏறி, ஓட்டும் விதத்தைக் கவனித்து ஏ, பி, சி என்று கிரேடு போடுபவர் லோகோ இன்ஸ்பெக்டர். அவரும் நேற்றுவரை ஓட்டியவர்தான். தேர்வாகி வந்தபின் மேற்பார்வையாளர் பிரிவில் அவருக்குத் தனி வரிசை. ரயில் ஓட்டும் ஊழியர்களான ரன்னிங் ஸ்டாஃபிலிருந்து க்ரூ கன்ட்ரோலராகச் சில காலம் அமர்த்தப்படுபவரின் நிலை வேறு: தாய்ப் பிரிவில் லியன் (பணியிட உரிமை) இருக்கும், திரும்பிப் போகலாம். ஓடிய தூரத்துக்குக் கிடைக்கும் மைலேஜ் படி நின்றுபோவதை ஈடுகட்ட, நிலையான பதவிக்கு மாறும்போது சம்பள நிர்ணயத்தில் அடிப்படைச் சம்பளத்தின் 30 சதவீதம் சேர்க்கப்படுகிறது.

இந்த வேறுபாடு தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. கன்ட்ரோலர் வண்டிக்கு ஆள் அனுப்புபவர். இன்ஸ்பெக்டர் ஆளை மதிப்பிடுபவர். மதிப்பிடுபவரைத்தான் வரிசையிலிருந்து முழுதாகப் பிரித்திருக்கிறார்கள். இல்லையென்றால் தான் கிரேடு போடுபவரோடு அதே மெயில் லிங்க்குக்கு அவரும் போட்டியிட வேண்டியிருக்கும்.

விமானிகள் விஷயத்தில் இந்தத் தெளிவு இல்லை. 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் இணைந்தபின் இரு பட்டியல்களை எப்படிக் கோப்பது என்ற தகராறு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2012இல் போயிங் 787 பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் கொடுப்பது தங்கள் பதவி உயர்வைக் கெடுக்கும் என்று பழைய ஏர் இந்தியாவைச் சேர்ந்த விமானிகள் 58 நாள் பணிக்கு வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த வேலை நிறுத்தத்திலும் சரி, இதிலும் சரி, நிர்வாகப் பொறுப்பிலிருந்த விமானிகளை வைத்துத்தான் நிறுவனம் சில விமானங்களை ஓட்டியது. பட்டியலில் எண்ணையும் வைத்துக்கொண்டு, பட்டியலுக்காக நடக்கும் போராட்டத்தை உடைக்கவும் ஒருவர் உதவினால் சக விமானி அவரை நம்புவது கடினம்.

ஆனாலும் நிர்வாகம் போனவருக்குக் கதவைச் சாத்துவதும் தவறு. திரும்ப வழியில்லை என்றால் நல்ல விமானி யாரும் பயிற்சிப் பொறுப்பையோ பாதுகாப்புப் பொறுப்பையோ ஏற்கமாட்டார். காக்பிட்டில் உட்காராதவர்கள் அந்த நாற்காலிகளை நிரப்புவார்கள். அது பயணிக்கும் நல்லதல்ல. எனவே பணிப்பட்டியல், பயிற்சி போன்ற வேலைக்குப் போகிறவர் எண்ணை வளரவிட்டுத் திரும்பலாம். ஒழுங்கு நடவடிக்கை, பதவி உயர்வு, வேலை நீக்கம் ஆகியவற்றில் கையெழுத்திடுபவரின் எண் பொறுப்பேற்ற நாளோடு உறைய வேண்டும். அக்காலத்தில் சங்கத்தில் அவருக்கு வாக்கு கூடாது. இறங்கி வந்தால் அந்த எண்ணிலிருந்தே தொடங்கட்டும். நான்கு ஆண்டு கேப்டன்கள் அனைவரையும் ஒரே வீச்சில் நிர்வாகிகளாக்கும் ஏற்பாடு இந்த இரண்டு வகையிலும் சேராது. அதைச் சங்கங்கள் எதிர்த்தது சரியே.