கொள்ளைநோய்க் காலத்தில் மூலிகை வைத்தியம்

ஆயுர்வேத நூல்களுள் தொன்மை வாய்ந்த சரக சங்கிதையில், நாடு முழுவதையும் ஒருசேர அழிக்கும் நோய்களைப் பற்றித் தனி அத்தியாயம் ஒன்று உண்டு. கங்கைக் கரையிலுள்ள காம்பில்ய நகரை அடுத்த வனத்தில், கோடையின் இறுதியில், ஆத்திரேய முனிவர் தம் மாணாக்கரான அக்கினிவேசரோடு உரையாடுவதாக அது தொடங்குகிறது. மக்களின் உடலும் உணவும் வயதும் வெவ்வேறாயிருக்க, ஒரே நோய் எல்லோரையும் எவ்வாறு பற்றுகிறது என்பது மாணாக்கரின் ஐயம். காற்று, நீர், நிலம், காலம் என்னும் நான்கும் எல்லோர்க்கும் பொது. அவை கெடும்போது எல்லோரும் கெடுகின்றனர் என்பது ஆசானின் விடை. இவ்விடையினும் சிறந்தது அவர் இட்ட கட்டளை. நிலம் தன் சாரத்தை இழப்பதற்கு முன்பே மூலிகைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் பணிக்கிறார். நோய் வந்த பிறகு காட்டுக்கு ஓடிப் பயனில்லை என்பது இதன் கருத்து. நம் நாட்டு வைத்திய வரலாற்றில் இக்கட்டளை எவ்வளவு பேணப்பட்டது, எங்கே மறக்கப்பட்டது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1918 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த சிப்பாய்கள் சிலர் காய்ச்சலுற்று மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். இன்புளூயன்சா என்னும் விஷக்காய்ச்சல் இவ்வாறு நம் நாட்டில் புகுந்தது. முதலில் மென்மையாகத் தோன்றிய நோய், செப்டம்பரில் கொடிய உருவுடன் மீண்டும் எழுந்தது. அக்டோபர் 6 ஆம் நாள் ஒன்றில் மட்டும் பம்பாய் நகரில் 768 பேர் மாண்டனர். இருப்புப்பாதை சென்ற வழியெல்லாம் நோயும் சென்றது. இந்தியாவில் இறந்தோர் தொகை ஒரு கோடிக்கு மேல் என்றும், இரண்டு கோடியை எட்டியிருக்கலாம் என்றும் அறிஞர்கள் கணக்கிடுகின்றனர். பத்தாண்டுக்கு ஒரு முறை எடுக்கப்படும் குடிக்கணக்கில் மக்கள் தொகை குறைந்து காணப்பட்டது 1921 ஆம் ஆண்டில் மட்டுமே என்பது இவ்வழிவின் பரப்பைக் காட்டும்.

அவ்வேளையில் மக்களுக்குத் துணை நின்றவர் யார்? மேனாட்டு மருத்துவம் பயின்றவர் முன்னரே சிலராயிருந்தனர்; அவருள்ளும் பலர் உலகப் போருக்குச் சென்றுவிட்டனர். கிராமத்தில் எஞ்சியிருந்தவர்கள் வைத்தியரும் ஹக்கீமுமே. ஆனால் 1912 இல் பம்பாயிலும், 1914 இல் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் இயற்றப்பட்ட மருத்துவப் பதிவுச் சட்டங்கள் இவர்களை ஏற்கவில்லை. அரசாங்கத்தின் ஏட்டில் இடம் பெறாதவர்களே, அரசாங்கத்தின் கை எட்டாத வீடுகளில் நோயாளியின் அருகே இருந்தனர். சுக்கு, மிளகு, திப்பிலி, துளசி, சீந்தில் முதலியவை காய்ச்சலுக்கு உரியவை என்பது நெடுங்காலமாக நம் மக்கள் அறிந்தது. கைக்கெட்டிய அம்மருந்துகளையே அவர்கள் நாடினர்.

இம்மருந்துகள் நோயைத் தீர்த்தனவா என்று வினவினால், ஆம் என்றும் கூற இயலாது. இல்லை என்றும் கூற இயலாது. மேனாட்டு மருத்துவரும் அன்று இருளில்தான் நின்றனர். மனிதரைப் பற்றும் இன்புளூயன்சாக் கிருமி கண்டறியப்பட்டது 1933 இல். அவர்கள் வழங்கிய கொயினாவும் ஆஸ்பிரினும் அக்கிருமியை ஒழிக்க வல்லவையல்ல. சூடான கஷாயமும், கஞ்சியும், படுக்கையில் ஓய்வும், அருகிருந்து பேணும் ஒருவருடைய அன்பும் வலுவிழந்த உடலுக்கு ஆதரவாயிருந்திருக்கும் என்று நாம் நம்பலாம். எனினும், மருந்து உண்டவர் இத்தனை பேர், உண்ணாதவர் இத்தனை பேர், அவருள் பிழைத்தவர் இத்தனை பேர் என்று ஒப்பிட்டு முடிவு காணும் முறை எந்த வைத்தியத்திலும் அன்று வேரூன்றவில்லை. கஷாயம் காய்ச்சப்பட்டது, கணக்கு எழுதப்படவில்லை. அத்துணை உயிர்களைக் கொடுத்தும் நாம் பெற்ற படிப்பினை மிகச் சிறிதாய்ப் போயிற்று.

கொள்ளைநோய் ஓய்ந்த பின்னர், சுதேச வைத்தியத்தின் நிலைமை பற்றிய விசாரணை வலுப்பெற்றது. சென்னை அரசாங்கம் 1921 இல் முகம்மது உஸ்மான் தலைமையில் அமைத்த குழு 1923 இல் தன் அறிக்கையை அளித்தது. தில்லியில் ஹக்கீம் அஜ்மல் கான் அரும்பாடுபட்டு நிறுவிய திப்பியாக் கல்லூரியை 1921 இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். பழைய வைத்தியம் புதிய ஆராய்ச்சியோடு கைகோக்க வேண்டும் என்பது ஹக்கீமின் விருப்பம். அவ்விருப்பம் சர்ப்பகந்தி என்னும் மூலிகையில் நிறைவேறியது. 1931 இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதன் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹக்கீமின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் இரத்த அழுத்தத்திற்கும் மனநோய்க்கும் அவ்வேர் பயன்படுவதை எழுதினர். 1949 இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் கண்ட பயனை ஆங்கில நாட்டு ஏட்டில் வெளியிட்டார். 1952 இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. உலகெங்கும் மருத்துவர் அதனைக் கையாண்டனர். பரபரப்பில்லாத காலத்தில், பொறுமையாய்ச் சோதித்ததன் பயன் இது.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 2020 இல் கொரோனா நோய் பரவியபோது, பதிவேட்டுக்கு வெளியே நின்ற பழைய வைத்தியத்திற்கென மத்திய அரசில் தனி அமைச்சகமே இருந்தது. துளசி, இலவங்கப்பட்டை, சுக்கு, மிளகு சேர்ந்த குடிநீரை அது பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 15 சரக்குகள் கொண்ட கபசுரக் குடிநீர் வீதிதோறும் வழங்கப்பட்டது. மலேரியாவுக்காக 1980 இல் உருவான ஆயுஷ்-64 என்னும் மாத்திரை, 2021 இல் கொரோனாவுக்கும் எடுத்தாளப்பட்டது. இம்முறை ஆய்வுகளும் நடந்தன. சிலவற்றில் நோய்க்குறிகள் விரைவில் தணிந்தன என்ற செய்தியும் வந்தது. ஆனால் நோய் வாயிலில் நிற்கும்போது அவசரமாய்த் தொடங்கியவை அவை. ஆய்வுக்குட்பட்டோர் பெரும்பாலும் சிலரே. உயிரிழப்பைத் தடுத்தன என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்லும் சான்று அவற்றால் கிட்டவில்லை. மற்றொரு புறம், சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பழுதுற்றதாக மும்பை மருத்துவர்கள் 2021 இல் எழுதினர்; அமைச்சகம் அதனை மறுத்தது. மூலிகையாதலின் தீங்கிராது என்று எண்ணுவோர் இவ்வழக்கை மனத்திற் கொள்ளுதல் நலம். நஞ்சும் மருந்தும் ஒரே காட்டில் விளைவனவே; அளவும் ஆளும் அறிந்து கொடுப்பதே வைத்தியம்.

மூலிகை வைத்தியத்தைப் போற்றுவோரும் இகழ்வோரும், கொள்ளைநோய் வரும்போதெல்லாம் உரத்துப் பேசி, அது அகன்றதும் வாளாவிருந்துவிடுகின்றனர். இரு சாராரும் ஆத்திரேயரின் கட்டளையை மறந்தவர்களே. அவர் சேர்க்கச் சொன்னவற்றுள் இன்று நாம் இரண்டைக் காண வேண்டும். ஒன்று மூலிகை. ஆயுஷ்-64 இல் சேரும் கடுகுரோகிணி இமயமலைச் சரிவுகளில் அருகி வருதலின், 1997 முதல் அதன் உலக வாணிகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. காட்டைக் காவாதவர்க்குக் கஷாயம் ஏது? மற்றொன்று சான்று. எம்மருந்து, எவர்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நோயற்ற காலத்திலேயே நேர்மையாகச் சோதித்து எழுதி வைத்தல் வேண்டும். பயனில்லாதவற்றைப் பயனில்லை என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் அதற்கு வேண்டும். அத்துணிவால் பழைய வைத்தியத்திற்கு இழுக்கில்லை. எஞ்சி நிற்பதன் மதிப்பு உயரும். அடுத்த கொள்ளைநோய் நம்மைக் கேட்டுக்கொண்டு வாராது. அது வரும் நாளில் நம் கையில் இருக்கப்போவது, அதற்கு முன் நாம் சேர்த்து வைத்தது மட்டுமே.